பேரிங்கை வாங்கிவிட்டுக் கிராங்கைக் கொடுங்கள்: எஞ்சின் வேலையில் கிளியரன்ஸ் கணக்கு

"அண்ணாச்சி, மெயினும் கான்ராடும் இருபத்தஞ்சு எடுத்து வச்சிருங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன்."

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கிராங்க் கிரைண்டிங் பட்டறை வாசலில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. மெயின் என்பது கிராங்க் எஞ்சின் பிளாக்கில் உட்காரும் இடம், கான்ராட் என்பது பிஸ்டனின் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம். இருபத்தஞ்சு என்றால் 0.25 மி.மீ. அண்டர்சைஸ், அதாவது அந்த இடங்களை விட்டத்தில் அவ்வளவு குறைத்து அறுப்பது. பட்டறைக்காரர் அட்டவணையைப் பார்த்து அறுத்துக் கொடுத்துவிடுவார். சாயங்காலம் கிராங்கை எடுக்கப் போகிற வழியில் கடையில் என்ன பிராண்டு இருக்கிறதோ அந்த 0.25 பேரிங் செட்டை வாங்குகிறோம். மறுநாள் போட்டு முறுக்கி, கையால் சுற்றினால் சுற்றுகிறது, முடிந்தது. இந்த வரிசையில் கிளியரன்ஸ், அதாவது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் ஆயில் நிற்கும் இடைவெளி, எவ்வளவு என்று யாருமே தீர்மானிக்கவில்லை. பேரிங் செய்த கம்பெனியின் டாலரன்ஸும் (அளவில் அனுமதித்த கூடுதல் குறைவு) கிரைண்டிங் டாலரன்ஸும் ராடின் துளையும் சேர்ந்து எது வந்ததோ அதுதான் கிளியரன்ஸ். பெரும்பாலும் அது ஓடிவிடும். ஓடாத வண்டிதான் மூவாயிரம் கிலோமீட்டரில் சத்தத்தோடு திரும்பி வருகிறது. அப்போது குற்றம் ஆயில்மீது விழும், டிரைவர்மீது விழும்.

வரிசையை மாற்றினால் போதும். முதலில் பேரிங்கை வாங்க வேண்டும். அதை ராடிலும் பிளாக்கிலும் போட்டு, கேப்பை (பேரிங்கை மூடிப் பிடிக்கும் பாதியை) முழு டார்க்கில் (மேனுவல் சொல்லும் முறுக்கு அளவில்) முறுக்கி, உள் விட்டத்தை அளக்க வேண்டும். அதிலிருந்து நமக்கு வேண்டிய கிளியரன்ஸைக் கழித்து, முடிவான ஜர்னல் (பேரிங்குக்குள் சுற்றும் கிராங்கின் உருளைப் பகுதி) அளவைத் தாளில் எழுதி கிராங்கோடு கொடுக்க வேண்டும். அண்ணாச்சியிடம் "இருபத்தஞ்சு" என்ற சொல்லே வர வேண்டாம், மி.மீ.யில் மூன்று தசம இடத்தோடு அளவு போக வேண்டும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? ஜர்னல் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. சுற்றுகிற வேகத்தில் ஆயிலை இழுத்து ஆப்பு மாதிரித் தனக்குக் கீழே திணித்து, அதன்மேல் மிதக்கிறது. இடைவெளி குறைந்தால் உள்ளே போகும் ஆயில் குறையும், சூட்டை எடுத்துப் போக ஆளில்லை, ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) உருகி ஒட்டும். இடைவெளி கூடினால் ஓரம் வழியாக ஆயில் ஓடிவிடும். இந்த ஓட்டம் இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதைத்தான் பலரும் மனதில் வைப்பதில்லை. 0.04 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.06 இருந்தால் ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஓரம் வழியாகக் கசிவதோ கிட்டத்தட்ட 3.4 மடங்கு. 0.08 ஆகிவிட்டால் 8 மடங்கு. ஆயில் பம்ப் புதிதாக இருந்தாலும் சூடான ஐட்லிங்கில் பிரஷர் விழுவது இதனால்தான். கான்ராட் ஓரத்திலிருந்து தெறிக்கும் அதிக ஆயில் சிலிண்டர் சுவரில் அடித்து ரிங்கைத் திணறடிக்கும். புது ரிங் போட்டும் புகை நிற்கவில்லை என்றால் கான்ராட் கிளியரன்ஸையும் சந்தேகப்பட வேண்டும்.

கணக்குக்கு ஒரு பொதுவிதி உண்டு. ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் முக்கால் பங்கு முதல் ஒரு பங்கு வரை. 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.038 முதல் 0.050. மேனுவல் கைக்குக் கிடைக்காத பழைய எஞ்சினுக்கு இது வழிகாட்டும். மேனுவல் இருந்தால் அதுதான் சட்டம். மாருதி ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் ஏறி இறங்கப் பிடித்த வண்டி. அதில் கான்ராட் ஜர்னல் ஸ்டாண்டர்ட் அளவு 41.982 முதல் 42.000. கிளியரன்ஸ் 0.020 முதல் 0.050, தேய்மான எல்லை 0.080. மெயினுக்கு 0.020 முதல் 0.040, எல்லை 0.060. மெயினுக்கு எல்லை குறைவு என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு வைப்பது தவறு.

இப்போது அதே எஞ்சினில் 0.25 பேரிங் போட்டு நாலு ராடையும் அளந்தால் 41.786, 41.784, 41.787, 41.783 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு நடுமத்தியான 0.035 வேண்டும். ஜர்னலை 41.750க்கு அறுக்கச் சொன்னால் நாலும் 0.033 முதல் 0.037க்குள் நிற்கும். பட்டறைக்காரர் 3 மைக்ரான் (0.003 மி.மீ.) கூடக் குறைய வைத்தாலும் 0.030, 0.040ஐத் தாண்டாது. மாறாக, வெறுமனே "இருபத்தஞ்சு" என்று சொல்லி அவர் அட்டவணையின் கீழ் எல்லையான 41.732 வரை எடுத்துவிட்டால் முதல் ராடில் 0.054. அவர் தன் எல்லைக்குள்தான் நின்றார். பேரிங் கம்பெனியும் தப்பு செய்யவில்லை. ஆனாலும் எஞ்சின் பூட்டும் முன்பே புது எஞ்சினின் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. அறுத்த பிறகு உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அடுத்த சைஸுக்குத்தான் போக வேண்டும், கிராங்கின் ஆயுளில் ஒரு படி வீண்.

தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும் கலப்பது இன்னொரு பொறி. பத்து தவ் என்பது 0.254 மி.மீ. 0.25 பேரிங்கோடு வித்தியாசம் 4 மைக்ரான், பெரிதில்லை. இருபது தவ் 0.508, அங்கே 8 மைக்ரான். நாற்பது தவ் என்றால் 1.016. 1.00 மி.மீ. பேரிங் வாங்கி வைத்துக்கொண்டு "நாப்பது எடுங்க" என்று சொன்னால் 0.016 மி.மீ. சும்மா கூடிவிடும். கிளியரன்ஸில் பாதி அளவுக்குப் பக்கத்தில் அது. கடைசி சைஸில் இருக்கும் பழைய டீசல் கிராங்குகளில் இது பலமுறை அடிபட்டிருக்கிறது. இதற்கும் மருந்து அதேதான்: சைஸ் பெயர் வேண்டாம், அளவு எழுதுங்கள்.

அளப்பது எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கிரைண்டிங்கிலிருந்து வந்த கிராங்கை உடனே அளக்கக் கூடாது. இரும்பு 10 டிகிரி சூடு ஏறினால் 50 மி.மீ. ஜர்னல் ஏறத்தாழ 6 மைக்ரான் பருக்கும். கிராங்க், பிளாக், ராடு, மைக்ரோமீட்டர், போர் கேஜ் (துளையின் உள் விட்டம் அளக்கும் கருவி) எல்லாவற்றையும் ஒரு ராத்திரி ஒரே மேசையில் கிடத்தி, காலையில் தகரக் கூரை காய்வதற்கு முன் அளப்பது நல்லது. ஜர்னலை இரண்டு ஓரத்திலும், ஒவ்வொரு ஓரத்திலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். ஆயில் துளை வாயை விட்டு விலகி அளக்க வேண்டும். ஓவலோ (வட்டம் கெட்டது) டேப்பரோ (ஒரு ஓரம் மெலிந்தது) 0.01 மி.மீ.க்கு மேல் இருந்தால் அறுத்தே ஆக வேண்டும், அங்கே கிளியரன்ஸ் பேச்சே இல்லை.

இதில் ஒரு கைவழக்கம் எல்லாக் கணக்கையும் எளிதாக்கும். மைக்ரோமீட்டரை ஜர்னல்மீது பிடித்து, அந்த அளவிலேயே பூட்டிவிடுங்கள். அதை வைஸில் துணி சுற்றி மெல்லப் பிடித்து, போர் கேஜை அதன் இரண்டு முகத்துக்கும் நடுவில் விட்டு ஆட்டி, முள் திரும்புகிற இடத்தில் டயலைச் சுழியில் வையுங்கள். அந்தக் கேஜை எடுத்து முறுக்கிய பேரிங்குக்குள் விட்டால் முள் காட்டுவது கிளியரன்ஸேதான். மைக்ரோமீட்டரில் இரண்டு மூன்று மைக்ரான் பிழை இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே பிழை என்பதால் அது கழிந்துவிடும். முள் ஒரு கோடு நகர்வது 0.01ஆ 0.001ஆ என்று டயலில் எழுதியிருப்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கேஜின் முனை ஷெல்லைக் கீறாமல் பைய நுழைக்க வேண்டும்.

பேரிங்குக்குள் அளக்கும்போது கேப்பும் உடலும் சேரும் கோட்டுக்குக் குறுக்கே, அதாவது ராடு நீளவாக்கில்தான் அளக்க வேண்டும். ஷெல் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் இருக்காது. சேரும் கோட்டருகே வேண்டுமென்றே மெலிவாகச் செய்திருப்பார்கள். வேகத்தில் ராடு துளை நீளவாக்கில் இழுபட்டுப் பக்கவாட்டில் ஒடுங்கும்போது ஜர்னலைப் பிடிக்காமல் இருக்க அந்த இடம். அங்கே அளந்துவிட்டு "லூசு" என்று சொல்லிப் பேரிங்கைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

போர் கேஜ் இல்லாத இடத்தில் பிளாஸ்டிகேஜ் போதும். மெல்லிய மெழுகுத் திரி மாதிரி இருக்கும். பச்சை உறை 0.025 முதல் 0.076 வரை அளக்கும், காருக்கு அதுதான். ஜர்னலையும் ஷெல்லையும் ஆயில் சொட்டுகூட இல்லாமல் துடைத்து, திரியை ஜர்னலின் நீளவாக்கில் கிடத்தி, கேப்பை வைத்து முழு டார்க்குக்கு முறுக்குங்கள். அதன்பின் கிராங்க் ஓர் இம்மிகூடச் சுற்றக் கூடாது. கேப்பைக் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட கோடுகளோடு ஒப்பிடுங்கள். ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுக்கமாகவும் நசுங்கியிருந்தால் ஜர்னலில் டேப்பர். பிளாக் தலைகீழாக ஸ்டாண்டில் இருக்கும்போது செய்தால்தான் அளவு சரி. வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு செய்தால் கிராங்கின் பாரம் கேப் பக்கம் விழுந்து திரியை அதிகமாக நசுக்கும். மற்ற கேப்கள் கிராங்கைத் தூக்கிப் பிடிக்கும்படி செய்த பிறகே அளக்க வேண்டும்.

மேனுவல் தரும் எல்லைக்குள் எங்கே நிற்பது என்பது வண்டி போகும் இடத்தையும் ஊற்றும் ஆயிலையும் பொறுத்தது. 5டபிள்யூ30 மாதிரி மெல்லிய ஆயில் குறித்த எஞ்சினுக்குக் கீழ்ப்பாதியிலும், 20டபிள்யூ50 ஊற்றும் பழைய எஞ்சினுக்கு மேல்பாதியிலும் நிற்கலாம். லூசாக வைத்துவிட்டுக் கெட்டியான ஆயிலால் சரிக்கட்டுவது நல்ல வேலை இல்லை. குளிர்ந்த எஞ்சின் எடுக்கும்போது கடைசி பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு இடங்களை மனதில் வைத்து முடிவு செய்வது நல்லது. ஒன்று, தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய். வள்ளியூர்ப் பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு வரும் வண்டிக்கு முப்பந்தல் தாண்டும்வரை எதிர்காற்று. சமதளச் சாலையிலேயே முழு ஆக்சிலேட்டரில், ஆட்களோடும் ஏசியோடும் எஞ்சின் தொடர்ந்து இழுக்கும். இரண்டாவது, குலசேகரத்திலிருந்து மேலே ஏறும் மலைப்பாதைகள். அங்கே கியரைக் குறைக்காமல் குறைந்த சுற்றில் திணறவைத்து ஏற்றும் பழக்கம் பேரிங்குக்கு மிகக் கெடுதல். சுற்று குறைந்தால் ஆயில் ஆப்பு மெலியும், பாரமோ உச்சத்தில் இருக்கும். இந்த இரண்டுக்கும் சேர்த்து, எல்லையின் அடிமட்டத்துக்கு இறுக்கி வைப்பது ஆபத்து. பாரத்தில் கிராங்க் வளையும், அந்த வளைவுக்கு இடம் வேண்டும். நடுமத்தியே இங்கே ஓடும் வண்டிக்கு நல்லது. அதைவிட முக்கியம், எல்லா ஜர்னலும் ஒன்றுக்கொன்று 0.01க்குள் இருக்க வேண்டும். நாலு இடம் 0.035, ஓர் இடம் 0.055 என்றால் ஆயில் எளிதான வழியைப் பார்த்து அங்கேயே ஓடும்.

கிராங்கை அனுப்பும் முன் பழைய ஷெல்களைக் குப்பையில் போடாமல் வரிசையாக அடுக்கி வெயிலில் பாருங்கள். கான்ராடில் மேல் ஷெல்லும் மெயினில் கீழ் ஷெல்லும் கூடுதலாகத் தேய்ந்திருப்பது இயல்பு, பாரம் அங்கேதான். எல்லா ஷெல்லிலும் செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு தேய்ந்து முடிந்தது. ஷெல்லின் முதுகில் பளபளப்பான திட்டுகள் இருந்தால் துளைக்குள் ஷெல் நகர்ந்திருக்கிறது, துளை பெரிதாகிவிட்டது. அந்த ராடை ரீசைஸ் செய்யாமல் (துளையைச் சரியான அளவுக்குத் திரும்பக் கொண்டுவராமல்) புது பேரிங் போட்டுப் பயனில்லை. மேல் ஷெல்லில் ஒரு ஓரமும் கீழ் ஷெல்லில் எதிர் ஓரமும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீருக்குள் ஸ்டார்ட் போட்ட வண்டிகளுக்கு வருவது இந்த அடையாளம்தான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் சுருங்காது, ராடுதான் வளையும். அப்படிப்பட்ட எஞ்சினில் ராடை அளந்து பார்க்காமல் கிளியரன்ஸ் கணக்குப் போடுவது வீண் வேலை.

கிரைண்டிங் முடிந்து வந்ததும் அளவு மட்டும் பார்த்தால் போதாது. ஜர்னலும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் உள்ள வளைவைப் பாருங்கள். அதைக் கூர்மையாக்கிவிட்டால் கிராங்க் அந்த இடத்தில்தான் வெடிக்கும். அதிகமாக விட்டுவிட்டால் ஷெல்லின் ஓரம் அதன்மேல் ஏறி உட்காரும், கிளியரன்ஸ் சரியாக இருந்தாலும் ஓரம் எரியும். ஆயில் துளை வாயில் விரல் நுனியை வைத்துத் தடவினால் கூர் தட்டக் கூடாது. கடைசி பாலிஷ் எஞ்சின் சுற்றும் திசையிலேயே செய்திருக்க வேண்டும். மேலோட்டமாக மட்டும் கடினப்படுத்திய கிராங்கை அறுத்தால் அந்தத் தோல் போய்விடும், திரும்பக் கடினப்படுத்தாமல் போடக் கூடாது. அறுக்கவே கூடாது என்று கம்பெனி சொன்ன கிராங்கும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய ஆசான்கள் தொடும் இடம் தெரிய நீலம் தடவி, ஸ்கிராப்பரால் சுரண்டி பேரிங்கைப் பொருத்துவார்கள். வெள்ளை உலோகத்தை ஊற்றி வார்த்த பேரிங் காலத்தில் அது மிக உயர்ந்த வேலை, அந்தக் கைத்திறனுக்கு மதிப்பு உண்டு. இன்றைய மூன்றடுக்கு ஷெல்லின் மேல்பூச்சு 0.02 மி.மீ. அளவுதான். ஒரு சுரண்டலில் அது போய்விடும். உப்புத்தாளால் தேய்ப்பதும் அப்படியே. லூசைப் போக்க ஷெல்லுக்குப் பின்னால் தாளோ தகடோ வைப்பதையும், கேப்பின் முகத்தை அரத்தால் தேய்ப்பதையும் அடியோடு விட வேண்டும். தாள் சூட்டைக் கடத்தாது. தேய்த்த கேப் துளையை முட்டை வடிவமாக்கும். மேலும் கீழும் பிடிக்கும், பக்கத்தில் லூசாக இருக்கும். ஷெல்லின் முனை துளையை விட மயிரிழை வெளியே நிற்பது பிழையில்லை. முறுக்கும்போது அந்த மிச்சம்தான் ஷெல்லை அழுத்திப் பிடித்து நிறுத்துகிறது. அதை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினால் ஷெல் சுற்றத் தொடங்கும்.

கடற்கரைப் பட்டறைகளுக்குத் தனியாக ஒரு சொல். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி காற்றில் அறுத்த ஜர்னல் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். அறுத்த உடனே ஆயில் பூசிப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வாங்குங்கள். மணவாளக்குறிச்சிக் கரை மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் சிர்கானும் இருக்கின்றன. உப்புத்தாளுக்குப் பயன்படும் கடினம் கார்னெட்டுக்கு உண்டு. ஒரு மணியின் விட்டம் நம் கிளியரன்ஸைப் போலப் பல மடங்கு. காற்று மணலை அள்ளி வரும் இடத்தில் திறந்த கதவுக்கு நேரே எஞ்சின் பூட்டக் கூடாது. காட்டன் வேஸ்ட் வேண்டாம், நூல் விடாத பழைய வேட்டித் துணி நல்லது. கிராங்கின் ஆயில் வழியில் பிளக் இருந்தால் கழற்றி, நீளப் பிரஷ் விட்டு, மண்ணெண்ணெயால் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் கறுப்பு வராதவரை திரும்பச் செய்யுங்கள். கிரைண்டிங் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

திரஸ்ட் பிளே (கிராங்க் முன்னும் பின்னும் நகரும் அசைவு) பற்றிச் சுருக்கமாக: டயல் கேஜை கிராங்க் முனையில் வைத்து முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். மேலே சொன்ன ஜிப்சி எஞ்சினில் 0.11 முதல் 0.31, எல்லை 0.38. நெரிசலில் கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் டிரைவர் என்றால் இது முதலில் தேயும்.

பூட்டும்போது ஷெல்லின் முதுகும் அது உட்காரும் துளையும் காய்ந்த நிலையில் இருக்க வேண்டும், ஆயில் முகத்துக்கு மட்டும். ஆயில் துளையும் பள்ளக் கோடும் உள்ள மெயின் ஷெல் பிளாக் பக்கம் போக வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த ஜர்னலுக்கு ஆயிலே கிடைக்காது. கேப்களின் எண், அம்புக்குறி மாறக் கூடாது. மூன்று கட்டமாக முறுக்கி, ஒவ்வொரு கேப் முடிந்ததும் கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எந்தக் கேப்பில் பிடிக்கிறதோ அங்கேயே நின்று காரணத்தைத் தேட வேண்டும், ஐந்தையும் முறுக்கிவிட்டுத் தேடினால் நாள் போகும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபில்டரில் ஆயில் நிரப்பி, எரிபொருளை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டு விட்டுச் சுற்றி, பிரஷர் ஏறுவதைப் பாருங்கள். டாஷ்போர்டு விளக்கை நம்ப வேண்டாம். மிகக் குறைந்த பிரஷரிலேயே அது அணைந்துவிடும். சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் முள் கேஜைப் பூட்டுங்கள். நன்றாகச் சூடேறிய பின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டு பிரஷர் என்பது பழைய கணக்கு, கார் எஞ்சினுக்கு இன்றும் உதவும். அந்த எண்ணைத் தேதியோடு பில்லின் பின்புறம் எழுதி வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட அதுதான் ஆதாரம். 500 கிலோமீட்டரில் முதல் ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பூச்சு இருந்தால் ரிங் அமர்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளிச் செதில்களோ செம்பு நிறத் துகளோ இருந்தால் வண்டியை விடாதீர்கள். சம்பைத் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை) திறந்து, எந்த ஜர்னல் என்று பார்த்துவிட்டு மறுபடி அளக்கத் தொடங்குங்கள்.